இடுப்பைப் பிடித்தவர்கள்

மங்களேஸ்வரியின் இடது இடுப்பை மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆன பிறகுதான் அவள் புருஷன் இருளப்பனுக்கு இது தெரிய வந்தது.

தெரிந்த விதம் ரொம்பச் சாதாரணம். காலையில் அவள் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டக் குனிந்தவள் பாதியில் அப்படியே நின்றாள்.

"ஸ்ஸ்... இடுப்புல பிடிச்சிருக்குங்க."

"யாரு?" என்றான் இருளப்பன்.

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் தைலம் எங்கே என்று தேடியிருப்பான். இவன் யாரு என்று கேட்டான். ஆள் அப்படி. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் அவளிடம் மணி என்னவென்று கேட்டுவிட்டார் என்பதற்காகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டவன்.

"மூணு பேர்," என்றாள் அவள், அடுத்த செருப்பை மாட்டிக்கொண்டே. "முன்னாடி ஒருத்தர், கீழ ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். சாயந்திரம் வர லேட்டாகும். மாவை எடுத்து வெளிய வச்சிருங்க."

போய்விட்டாள்.

மூன்று பேர் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பிடிச்சிருக்கு என்கிற அந்தச் சொல்தான் இருளப்பனைப் போட்டுப் பிசைந்தது. அவன் பெண் பார்க்கப் போன அன்றைக்குச் சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் தின்று முடித்த பிறகு, அவனுடைய பெரியம்மா, பெண்ணைப் பார்த்து, "என்னத்தா, மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். மங்களேஸ்வரி தரையைப் பார்த்தாள். அவளுடைய அப்பாதான், "பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தட்டை மாற்றினார்கள். இருளப்பனும் சிரித்தான்.

ஆனால் அவள் வாயால் அந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை. கத்தரிக்காய் பிடிக்கும் என்பாள். மழை பிடிக்கும் என்பாள். அவனைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. பல் இடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்கு மாதிரி அது பதினாறு வருஷமாக அவனுக்குள் இருந்தது. இப்போது முதல்முறையாகப் பிடிச்சிருக்கு என்று வாயைத் திறந்து சொல்கிறாள். அதுவும் யாருக்கு? மூன்று தடியன்களுக்கு.

மறுநாள் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனான். ஆட்டோ அவனுடையதுதான். அதுதான் பிழைப்பு. வலிக்குதுன்னியே, காட்டிட்டு வந்துருவோம் என்று தேன் ஒழுகப் பேசினான். அவளும் நம்பினாள், பாவம்.

டாக்டர் பேர் பவளக்கொடி. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கம்பியில் துணி காயப்போடுவது போல மாட்டினார். படத்தில் ஒரு கிண்ணம் தெரிந்தது. கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை. ஆட்டுக்கல்லும் குழவியும் மாதிரி இருந்தது. மனுஷர் ஒருத்தரையும் காணோம்.

"ஆளுங்க எங்க?" என்றான் இருளப்பன்.

"அவங்க எக்ஸ்ரேல விழ மாட்டாங்க."

"ஏன்?"

"எலும்புதான் விழும். அவங்க தசைநார். எலும்பையும் எலும்பையும் சேத்துக் கட்டி வைக்கிறவங்க."

"அப்ப ஒளிஞ்சிருக்காங்க."

"ஒளியல. பிடிச்சுக்கிட்டிருக்காங்க."

டாக்டரும் அதே சொல்லைச் சொன்னதும் இருளப்பன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"நான் அவங்களைப் பாக்கணும்."

"கடைசி ரூம்ல இருக்காங்க. உங்க வீட்டம்மா பெஞ்சில உட்காந்திருக்கும்போதே போயிருங்க. எந்திரிச்சு நின்னுட்டாங்கன்னா அவங்க பேச மாட்டாங்க."

வராண்டா நீளமாக இருந்தது. நடக்க நடக்க இன்னும் நீண்டது. பாதி வழியில் அவனுடைய ஆட்டோவே சவாரிக்கு நின்றுகொண்டிருந்தது. ஏறி, மீதித் தூரத்தை ஓட்டிக்கொண்டு போனான்.

கடைசி அறை வட்டமாக இருந்தது. நடுவில் அந்தக் கிண்ணம். அதில் குழவி. சுற்றிலும் மூன்று பேர். மூவர் கையிலும் டீ கிளாஸ் இருந்தது.

"வாங்க மாப்ள," என்றார் முன்னால் இருந்தவர்.

ஆஜானுபாகுவான ஆள். தலை மேலே இடுப்பெலும்பில் ஒட்டியிருந்தது. இரண்டு கால்களையும் அகட்டிக் கீழே தொடையெலும்பில் ஊன்றியிருந்தார். இரண்டாமவர் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, குறுக்காக இருந்தார். மூன்றாமவர் பின்புறத்திலிருந்து வளைந்து வந்திருந்தார். அவருக்குப் பாதி முகம்தான் தெரிந்தது. பேரெல்லாம் கேட்க இருளப்பனுக்கு மனசில்லை. முன்னவர், கீழவர், பின்னவர் என்று வைத்துக்கொண்டான்.

"யாருக்கு யாரு மாப்ள?"

"நாங்க பொண்ணு வீட்டு ஆளுங்க. நீங்க எங்களுக்கு மாப்ளதான?"

"பிடிக்கிறோம் பிடிக்கிறோம்னு ஊரெல்லாம் பேச்சு. இங்க என்னடான்னா டீ குடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

"பாப்பா உட்காந்திருக்கா மாப்ள. அவ உட்காந்தா நாங்க தளந்துருவோம். நின்னாத்தான் எங்களுக்கு வேலை."

பாப்பாவாம். இருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அப்படி என்னத்த வெட்டி முறிக்கிறீங்க?"

"நான் அவளப் பின்னால சாஞ்சு விழ விட மாட்டேன்," என்றார் முன்னவர்.

"நான் கால ரொம்ப அகட்ட விட மாட்டேன்," என்றார் கீழவர்.

"நான் உள்பக்கமாத் திரும்பிப் போயிராமப் பாத்துக்குவேன்," என்றார் பின்னவர். வெட்கப்படுகிற குரல்.

இருளப்பன் மனசுக்குள் தேடிப் பார்த்தான். இந்த மாதிரி ஒரு வார்த்தை அவன் அவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஒரு தடவை, மோட்டார் போட்டிருக்கேன், டேங்க் நிரம்பினா ஆஃப் பண்ணு என்று சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது.

"எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"அவ பொறந்ததுலருந்து. தவழ்ற வரைக்கும் சும்மாதான் கிடந்தோம். ஒருநாள் கதவு நிலையைப் பிடிச்சு எந்திரிச்சு நின்னா பாருங்க..." முன்னவர் மற்ற இருவரையும் பார்த்தார். மூன்று பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். "அன்னைக்குத்தான் மாப்ள, எங்களுக்கு வேலைன்னா என்னன்னு தெரிஞ்சுது."

அந்தச் சிரிப்பில் இருளப்பனுக்குப் பங்கு இல்லை. அந்தக் கதவு நிலையை அவன் பார்த்ததும் இல்லை.

அப்போது வெளியே நர்ஸ், "மங்களேஸ்வரி, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டார்கள். குழவி கிண்ணத்துக்குள் அழுந்தி உட்கார்ந்தது. ஒருத்தர் முகத்திலாவது சிரமம் தெரிய வேண்டுமே, தெரியவில்லை. நின்ற இடத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

"ஏய்," என்றான் இருளப்பன். "ஏய்யா." யாரும் திரும்பவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே அவன் முடிவு செய்துவிட்டான். நின்றால்தானே பிடிப்பார்கள்? நிற்காமல் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே ஆட்டோ ஓட்டுகிறவன் மூளை வேறு எப்படிப் போகும்?

"இனிமே நீ உட்காரு," என்றான்.

"கடையில உட்கார விட மாட்டாங்க."

அவள் சொன்னது நிஜம். விற்கிற பெண்கள் உட்கார்ந்தால் புடவை வாடிவிடும் என்பது அந்தக் கடை முதலாளியின் நம்பிக்கை. இருளப்பன் விடவில்லை. ஆட்டோவைக் கடைக்குள் ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டுப் பிரிவில் நிறுத்தினான். மங்களேஸ்வரி பின்சீட்டில் உட்கார்ந்தபடியே புடவை விற்றாள். வந்தவர்கள் ஆட்டோவை ஒட்டி நின்று முந்தானையை விரித்துப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலும் உட்கார்ந்து சமைத்தாள், உட்கார்ந்து குளித்தாள், உட்கார்ந்தபடியே தூங்கினாள். எழுந்திருக்கப் பார்த்தால் இவன் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"உங்களுக்கு என்னதாங்க வந்துச்சு?"

"உன் நல்லதுக்குத்தான்."

கொஞ்ச நாள் போயிற்று. ஒருநாள் சாயந்திரம் அவன் வீட்டுக்கு வந்தபோது ஹாலில் மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்து டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னவர் காலை அகட்டி உட்கார்ந்திருந்ததால் மற்ற இருவருக்கும் இடம் போதவில்லை.

"வேலை இல்ல மாப்ள," என்றார் முன்னவர். "உள்ள தொங்கிக்கிட்டே இருக்கவும் ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் வெளிய வந்தோம்."

மங்களேஸ்வரி உட்கார்ந்த இடத்திலிருந்தே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "இவருக்குச் சர்க்கரை கம்மி," என்று சொல்லிப் பின்னவரிடம் ஒரு டம்ளரைத் தனியாக நீட்டினாள்.

இருளப்பன் அந்த டம்ளரைப் பார்த்தான். பின்னவருக்குச் சர்க்கரை கம்மி என்று இவளுக்கு யார் சொன்னது? அவனுக்கு வேண்டியதைவிட ஒரு ஸ்பூன் கூடப் போட்டுத்தானே இத்தனை வருஷமும் கொடுக்கிறாள்? அவனுக்கு அந்த ஹாலை அப்படியே தூக்கிக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

"கிளம்புங்க," என்றான்.

"நாங்க போயிட்டா பாப்பாவ யாரு பிடிக்கிறது?"

"புருஷன்னு ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன்ல? நான் பிடிக்கிறேன்."

"உங்களால முடியாது மாப்ள."

"வாய மூடிக்கிட்டுப் போங்கய்யா!"

"ஏங்க, வேணாங்க," என்றாள் மங்களேஸ்வரி. அவன் திரும்பி அவளை ஒரு முறை முறைத்தான். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க விட மாட்டீங்கள்ல?"

"செத்தாலும் விட மாட்டேன்."

மூன்று பேரும் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பின்னவர் மட்டும் வாசலில் ஒருதடவை திரும்பிப் பார்த்தார். இருளப்பன் கதவைச் சாத்தினான்.

மங்களேஸ்வரி எழுந்து நின்றாள். குழவி கிண்ணத்தைவிட்டு வெளியே வந்தது. பின்பக்கமாக வந்தது. இடது கால் கொஞ்சம் குட்டையாயிற்று. பாதம் உள்பக்கம் திரும்பிக்கொண்டது. எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துவிட்டு வாசலைப் பார்த்தது.

இருளப்பன் பாய்ந்து பிடித்தான். இரண்டு கையாலும் இடுப்பை வளைத்து, குழவியைக் கிண்ணத்துக்குள் தள்ளி, அழுத்திக்கொண்டான். அவள் அடுப்படிக்குப் போனாள். இவனும் ஒட்டிக்கொண்டே போனான். அவள் புளி கரைத்தாள். இவன் பிடித்திருந்தான். அவள் பின்கழுத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அதை அவன் அதற்கு முன் கவனித்ததில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு யார் மீதும் பொறாமை இல்லை. சந்தோஷமாகவே இருந்தான்.

குழம்பு கொதிக்கத் தொடங்கியபோது அவன் புஜம் கடுத்தது. பிறகு விரல் மரத்தது. அப்புறம் கை முழுக்க வெடவெடவென்று ஆடியது. அந்த மூன்று பேர் முகத்திலும் சிரமமே தெரியாதது அவனுக்கு நினைவு வந்தது. அவர்கள் நார். இவன் சதை. சதைக்குத்தான் அலுப்பு, வியர்வை எல்லாம்.

மங்களேஸ்வரி பெருங்காயத்தைப் போட்டாள். அவனுக்கு மூக்கு அரித்தது.

ஒரு கையைத்தான் எடுத்தான். மூக்கைச் சொறிந்துவிட்டு உடனே வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தான். அதற்குள் கால் கழன்று, அடுப்படியைத் தாண்டி, வாசல்படி இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டது.

மங்களேஸ்வரி தரையில் கிடந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"விட்டுட்டீங்க," என்றாள்.

"மூக்கு அரிச்சுது."

"தெரியும்."

அவன் ஓடினான். ஆட்டோ கடைக்குள் நின்றதால் பஸ் ஸ்டாண்டு வரை கால்நடையாகவே ஓடினான். சாயல்குடி பஸ் நிற்கிற இடத்தில் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கால் அவர்கள் பக்கத்தில் நின்றது. அவனைக் கண்டதும் கீழவருக்குப் பின்னால் ஒதுங்கியது.

"வந்துருங்கய்யா," என்று அழுதான் இருளப்பன். "உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"பிடிக்காதீங்க," என்றார் முன்னவர் அவசரமாக. "உங்களுக்குப் பழக்கம் இல்ல."

"வீம்பு பேசாதீங்க. அவ தரையில கிடக்குறா."

"வீம்பு இல்ல மாப்ள. அறுந்த நாரு சட்டுனு ஒட்டாது, நாளாகும். அது மட்டுமா? மறுபடி முறைப்படி கேக்கணும்."

"என்ன முறை?"

"பாப்பா எங்களப் பாத்துப் பிடிச்சிருக்குன்னு சொல்லணும். சொன்னாத்தான் நாங்க பிடிக்க முடியும். பொறந்தப்ப அழுதா பாருங்க, அதையே அப்ப சொன்னதா எடுத்துக்கிட்டோம். இனி அது செல்லாது."

இருளப்பனுக்கு அழுகை நின்றது. அவன் மூளை அந்த நேரத்திலும் ஒரு காரியம் செய்தது. அது எப்படிப்பட்ட மூளை என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

"அப்படின்னா நானும் வரிசைல உட்காருவேன்," என்றான்.

நல்ல நாள் பார்த்து ஹாலில் ஜமுக்காளம் விரித்தார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் தட்டில் வந்தன. முன்னவர், கீழவர், பின்னவர், கடைசியில் இருளப்பன் என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். இருளப்பன் முகத்தை மழுங்கச் சிரைத்திருந்தான். பவுடர் போட்டிருந்தான். மங்களேஸ்வரியை நாற்காலியோடு தூக்கி வந்து எதிரே வைத்தார்கள். அவள் கால் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. அதற்கு மேலே அவளுடைய அப்பா படம் மாலையோடு தொங்கியது. அவர் செத்து நாலைந்து வருஷம் இருக்கும்.

டாக்டர் பவளக்கொடி பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே கேட்டார். "இவரைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு," என்றாள் மங்களேஸ்வரி முன்னவரைப் பார்த்து. யோசிக்கவே இல்லை.

"இவரை?"

"பிடிச்சிருக்கு."

"இவரை?"

"பிடிச்சிருக்கு," என்றாள் பின்னவரிடம். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருளப்பனின் தொண்டையில் சொஜ்ஜியோடு சேர்ந்து நின்றுகொண்டது.

"இவரை?"

மங்களேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் மூக்கைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

ஃபேன் சுற்றியது. சொல்லுடி என்று இருளப்பனின் மனசு கெஞ்சியது. ஒரே ஒரு தடவை, பொய்யாகவாவது சொல்லிவிடு.

"இடம் இருக்கா?" என்று டாக்டரைக் கேட்டாள் அவள்.

"வெளிய இல்ல. உள்ள ஒரு சின்ன நாருக்கு இடம் இருக்கு. கிண்ணத்துக்கும் குழவிக்கும் நடுவுல. குழந்தையா இருக்கும்போது எலும்புக்குச் சோறு கொண்டுபோற வேலை. பெரியவங்களுக்கு அதுவும் பேருக்குத்தான். பெருசா ஒண்ணும் பிடிக்க வேண்டியதில்ல."

"அது பரவால்ல."

"பரவால்லன்னா பத்தாது. பிடிச்சிருக்கா, இல்லையா?"

அவள் மறுபடியும் தரையைப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு," என்றார் படத்திலிருந்து அவளுடைய அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். தட்டை மாற்றினார்கள். இருளப்பனும் சிரித்தான்.

உள்ளே இருட்டாக இருந்தது. வழவழவென்று ஈரமாக இருந்தது. ஒரு முனையில் கிண்ணத்திலும் மறுமுனையில் குழவியிலுமாக அவனைக் கட்டினார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. நாள் கணக்காக அப்படியே கிடந்தான். வெளியே நார் ஒட்டுகிற சத்தம், பாய் பின்னுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவள் எழுந்து நின்றாள். மூன்று பேரும் முறுக்கிக்கொண்டார்கள். குழவி கிண்ணத்தில் அழுந்தியது. இருளப்பன் நடுவில் நசுங்கினான். அவள் விழவில்லை.

பிறகு கடைக்குப் போகத் தொடங்கினாள். ஆட்டோவை யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பட்டுப் பிரிவில் பழையபடி நின்றுகொண்டே விற்றாள். வாடிக்கிடந்த புடவைகள் நிமிர்ந்தன. பக்கத்துக் கவுன்டர் பெண் செண்பகம் வந்து கேட்டது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"இடுப்பு இப்ப எப்படிக்கா இருக்கு?"

"நல்லாப் பிடிச்சிருக்குடி."

வெளியே மூன்று பேரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தரும் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். இருளப்பனும் நினைத்தான்.

"யார மங்களம்?" என்று கத்தினான். "யாரச் சொல்ற?"

எலும்பு கெட்டி. குரல் போகவில்லை. அவள் ஒரு மாம்பழக் கலர் புடவையை உதறி விரித்தாள். வெகுநேரமாக நிற்கிறாள் அல்லவா, கால் மாற்றி நின்றால் தேவலை என்று தோன்றியிருக்கும். உடம்பின் பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டாள். இடது பக்கத்தில் எல்லாருக்கும் பிடி தளர்ந்தது.

வலது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று இருளப்பன் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.